பக்கத்துக் குளக்காரருக்கு வேண்டும்

மருந்தும் பரிசோதனைக் கருவிகளும் செய்கிற கம்பனிகளுக்குச் சந்தை ஆய்வு செய்துகொடுப்பதுதான் எங்கள் கொழும்பு அலுவலகத்தின் தொழில். புத்தளம் கரைக்கு அப்போது நான் ஃபீல்ட் சுப்பர்வைசர். இறாலுக்கு வெள்ளைப்புள்ளி நோய் இருக்கிறதா என்று குளத்தடியிலேயே பார்க்கிற ஒரு கிட்டை இங்கே விற்கலாமா என்று ஒரு கம்பனி கேட்டிருந்தது. வாங்க ஆள் இருக்கிறது என்று நாங்கள் சொன்னால் அது வரும். இல்லையென்றால் வராது.

மதுரங்குளியில் மண்டபம் எடுத்து, தின்னப் பற்றிஸும் குடிக்கப் பிளேன்டியும் வைத்து, பண்ணைக்காரர்களைக் கூட்டினோம். கொழும்பிலிருந்து வந்திருந்த எங்கள் மனேஜர் மேடம் கேட்டார்: "உங்கட குளத்துல நோய் வந்திருக்கா?"

"அல்லாஹ்ட காவல், எங்கட குளத்துல ஒண்டுமில்ல" என்றார் முதலாமவர். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். பற்றிஸ் மட்டும் நன்றாகத் தீர்ந்தது.

"டிமாண்ட் இல்லையெண்டு ரிப்போர்ட் எழுதிடுவம்" என்றார் மேடம்.

எப்படிச் சொல்வார்கள்? கடலோரத்து ஒரே களப்பிலிருந்துதான் எல்லோரும் குளத்துக்குத் தண்ணீர் எடுக்கிறார்கள். நோய் என்று வாய் திறந்தால் வியாபாரி விலையை அடிப்பான், பக்கத்துக்காரன் சண்டைக்கு வருவான். அவர்களைப் பிடித்து ஒரே மண்டபத்தில் உட்காரவைத்துக் கேட்டால் வேறென்ன பதில் வரும்!

வெளியே செருப்பைப் போடும்போது ரிஸ்வான் நானா என் கையைப் பிடித்தார். அவரும் உள்ளே ஒன்றுமில்லை என்று சொன்னவர்தான்.

"தம்பி, அந்தச் சாமான் எப்ப வரும்? எனக்கில்ல. பக்கத்துக் குளக்காரர் பாவம். இந்தமுறையும் இறால் செத்தா, பண்ணைய வித்துட்டுப் போகத்தான் இரிக்கி."

அவருடைய பக்கத்துக் குளம் எப்போதோ காய்ந்து, ஆடு மேய்கிற இடமாகிவிட்டது எனக்குத் தெரியும். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மேடத்திடம் கெஞ்சி, வினாக்கொத்தில் ஒரு கேள்வியை மாற்றினேன். பிறகு மோட்டார் சைக்கிளில் பண்ணை பண்ணையாகப் போய், ஒவ்வொருவரையும் தனியாகப் பிடித்துக் கேட்டேன்: "உங்கட பக்கத்துக் குளக்காரர் இத வாங்குவாரா?"

"வாங்காம? அவருக்குக் கட்டாயம் வேணும்!"

எப்போது வாங்குவார், எவ்வளவு கொடுப்பார் என்று பக்கத்துக்காரரின் மனதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து வைத்தார்கள்.

மேடம் சிரித்தார். "அப்ப இந்த ஊரில பக்கத்துக் குளத்துக்கு மட்டும்தான் நோயா?"

"ஓம் மேடம்."

ரிப்போர்ட் மாறியது. கிட்டும் வந்தது. ரிஸ்வான் நானா குளத்தில் இறால்குஞ்சு விடுமுன்பே பார்த்து, நோய் கண்டவற்றை விற்றவரிடமே திருப்பி அனுப்பினார். பண்ணை இன்றும் அவருடையதுதான். "பக்கத்துக்காரர் நல்லா இரிக்கார் தம்பி" என்று பின்னொருநாள் சொன்னார். உப்புக்காற்றில் சட்டை விறைக்க அலைந்த அந்த நாட்களுக்கு இப்போதும் மனம் ஏங்குகிறது.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: வெட்கப்படுகிற விஷயத்தை ஆளிடம் நேரே கேட்காதீர்கள். அவர் ஒதுங்கி நிற்க ஒரு பக்கத்து வீட்டைக் கொடுங்கள்.

போன மாதம் டொக்டர் சொன்னதைக் கேட்டு, சீனி வருத்தத்துக்கு இரத்தம் பார்க்கிற மெஷின் வாங்கப் பாமசிக்குப் போனேன். எனக்குப் பின்னால் தெரிந்த முகங்கள் நின்றன.

"ஆருக்கு அங்கிள்?" என்று கேட்டாள் கவுண்டரில் நின்ற பிள்ளை.

"பக்கத்து வீட்டுக்காரருக்கு மகள்" என்றேன்.