மண்சரிவுப் பெட்டி ஏன் கத்தவில்லை

விடிந்ததிலிருந்து மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் மழை கொட்டுகிறது. எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே இருக்கிற மண்சரிவு எச்சரிக்கைப் பெட்டி மட்டும் கத்தவே இல்லை.

பெட்டியைப் பழுது பார்க்கிறவருக்குப் போன் போட்டேன்.

"மழை பத்தாதும்மா, அதான் கத்தல."

"தம்பி, போன செவ்வாக்கிழமை சோதிச்சுப் பாக்க உள்ளுக்கு ஒரு கறுப்பு மூடியக் கழட்டி, பக்கத்துக் கம்பியில மாட்டுனீங்க. திருப்பி மாட்டல. நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்."



"ஐயோ அம்மா! அந்த மூடி அங்கயே இருந்தா பெட்டி இன்னும் சோதனையிலதான் நிக்குது. மழைமானி அனுப்புற சிக்னல அது எடுக்காது. எல்லாரையும் கூட்டிக்கிட்டு உடனே வெளிய போயிருங்க!"

இப்போது லயத்துப் பதினொரு குடும்பமும் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறோம். மழை இன்னும் விடவில்லை.

உங்கள் லயத்துப் பெட்டியைக் கடைசியாகத் தொட்டது யார்? பேரோடு, எதைக் கழட்டினார், திருப்பி மாட்டினாரா என்பதையும் பார்த்து வையுங்கள்.