அடுப்பை நினைத்து ஓடிய ஓட்டம்

இரண்டு வருடங்களுக்கு முன், மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் முட்டுக்காட்டில் நடந்தது இது. படகுத் துறைக்குப் பக்கத்தில் தொடங்கி, ஈ.சி.ஆரில் கோவளம் வரை போய்த் திரும்பும் பத்து கிலோமீட்டர் ஓட்டப் போட்டி. ஆபீஸில் ஆளாளுக்கு ஏற்றிவிட, நானும் பெயர் கொடுத்துவிட்டேன். அதுவரை நான் ஓடியதெல்லாம் கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ பிடிக்கத்தான். ஒன்றரை மணி நேரத்தில், உயிரோடு முடித்தால் போதும் என்பதே திட்டம்.

கணவரும் ஆறு வயது மகளும் ஃப்ளாட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் ஏழு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, காபி போட்டுக் குடித்துவிட்டு, நான் முடித்து மெடலோடு நிற்கும் நேரத்துக்கு மகளோடு வந்து கைதட்டுவதாக ஏற்பாடு. போனையும் ஸ்கூட்டர் சாவியையும் என் பையில் போட்டு, பைகளை வாங்கி வைக்கும் இடத்தில் கொடுத்துவிட்டேன். கொஞ்ச நேரமாவது போன் தொல்லை இல்லாமல் இருக்கலாமே என்ற ஆசைதான்.

ஐந்தே முக்காலுக்கு ஓட்டம் தொடங்கியது. இத்தனை நேரத்தில் முடிக்க நினைப்பவர்கள் இவர் பின்னால் வாருங்கள் என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் கொடி பிடித்த ஒருவர் ஓடுவார். நான் ஒன்றரை மணிக் கொடிக்காரரை ஒட்டிக்கொண்டு, கதை பேசியபடி ஓடி, கடைசியில் அவரையும் சற்று முந்தி, கோவளம் வரை சுகமாகப் போய்விட்டேன்.

திரும்பும் இடத்தில் ஒரு டீக்கடை. அங்கே பால் பொங்கி வர, டீ மாஸ்டர் சட்டென்று அடுப்பைக் குறைத்தார். விடியற்காலையில் மகளுக்காக நானும் பாலை அடுப்பில் சிறு தீயில் வைத்தேன். வைத்தது ஞாபகம் இருக்கிறது. அணைத்தது ஞாபகம் இல்லை.

பால் பொங்கித் தீ அணைந்திருந்தால் கேஸ் கசிந்துகொண்டே இருக்கும். கொசுவுக்குப் பயந்து சமையலறை ஜன்னலைச் சாத்தியிருந்தேன். படுக்கையறைக் கதவும் மூடி ஏ.சி. ஓடுகிறது, வாடை எட்டாது. ஏழு மணிக்கு எழுந்ததும் என் கணவர் கண்ணைக்கூடத் திறக்காமல் நேராகப் போய் லைட்டரைத் தட்டுவார். அப்போது மணி ஆறு இருபத்தைந்து.

கொஞ்ச தூரத்தில் ஒருவர் மேசை போட்டு ஓடுபவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். அவரிடம் போன் கேட்டேன்.

“இன்னாம்மா ஆச்சு? மூஞ்சியெல்லாம் வெளுத்துப் போய் கீது?” என்றபடியே எடுத்து நீட்டினார்.

கணவருக்கு அடித்தேன், எடுக்கவில்லை. இரவில் போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுத்தான் படுப்பார், அலாரம் மட்டும்தான் அடிக்கும். எதிர் ஃப்ளாட் அக்காவைக் கூப்பிடலாம் என்றால் நம்பர் என் போனில். போன் பையில். பை ஓட்டம் முடியும் இடத்தில். வேறு ஒருவர் நம்பரும் மனப்பாடம் இல்லை என்பது அன்றுதான் உறைத்தது. யாராவது வண்டியில் கொண்டுபோய் விடுவார்களா என்று கேட்டேன்.

“ரோடு மூடிகினு கீறாங்கம்மா, வண்டி வராது. நான் உன் வூட்டுக்காரருக்கு அடிச்சிக்கினே இருக்கேன். நீ ஓடு!” என்றார்.

ஓடினேன். அது ஓட்டமா, என்னவென்று தெரியவில்லை. ஒன்றேகால் மணிக் கொடிக்காரரைத் தாண்டும்போது அவர், “மேடம், மெதுவா போங்க, கடைசில மூச்சு வாங்கும்” என்றார். எனக்குப் பாழாய்ப்போன லைட்டர் ஒன்றுதான் கண்முன் நின்றது. இடப்பக்கம் உப்பங்கழி நீரில் வெயில் ஏறியதாக எல்லோரும் பிற்பாடு படம் போட்டார்கள். நான் ஒன்றையும் பார்க்கவில்லை. மகள் தூங்கும்போது வாயை லேசாகத் திறந்திருப்பாள், அது நினைவுக்கு வந்து அழுகை முட்டியது. அழுதால் மூச்சு போய்விடுமே என்று அதையும் அடக்கிக்கொண்டேன்.

முடிவுக் கோட்டில் மேளம் அடித்தார்கள். மெடல் மாட்ட வந்த பெண்ணின் கையைத் தட்டிவிட்டு ஓடி, பையைப் பிடுங்காத குறையாக வாங்கினேன். ஏழுக்கு நான்கு நிமிடம் இருந்தது. எதிர் ஃப்ளாட் அக்கா முதல் மணியிலேயே எடுத்தார்.

“அக்கா, எங்க வீட்டுக் கதவைத் தட்டுங்க. காலிங் பெல்லைத் தொட்டுடாதீங்க. லைட்டும் போடாதீங்க. கேஸ்!”

போனை வைக்காமல் ஓடினார். படபடவென்று கதவு அதிரும் சத்தம், என் கணவரின் தூக்கக் கலக்கக் குரல், பிறகு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும் சத்தம். அக்கா மறுபடி போனில் பேச ஒரு யுகம் ஆனது.

“பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சி கெடக்கு. தீ இல்ல, கேஸ் தொறந்தே இருந்துச்சு. உள்ள நிக்கவே முடியல. மூடிட்டேன்டி. ரெண்டு பேரும் என் வீட்டுலதான் இருக்காங்க. அழாத.”

அந்தத் தார் ரோட்டிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். ஓடி முடித்த சந்தோஷம் என்று நினைத்து யாரோ என்னைப் படம் எடுத்தார்கள்.

ஒன்றரை மணி நேரம் என்று போனவள் ஒரு மணி பத்து நிமிடத்தில் முடித்திருந்தேன். என்ன பயிற்சி, என்ன சாப்பாடு என்று ஆபீஸில் துளைத்துவிட்டார்கள். அடுத்த வருடமும் ஓடினேன். மாதக்கணக்கில் பயிற்சி எடுத்து, கிளம்பும்போது சிலிண்டரையே மூடி, திரும்பவும் ஒருமுறை போய்த் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனேன். அந்த நேரத்தை நெருங்கக்கூட முடியவில்லை.

எல்லோரும் தங்கள் பழைய நேரத்தை முறியடிக்கத்தான் ஓடுகிறார்கள். நான் மட்டும், அது கடைசிவரை முறியாமலே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு ஓடுகிறேன்.