சமதரையில் கேட்ட மோட்டார் சத்தம்

என் கணவரின் மலை சைக்கிளில், பின்சக்கரத்தின் குலுக்கலை வாங்கிக்கொள்ளும் ஷாக் அப்சரின் தலையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பேட்டரி மாட்டியிருக்கும். அதன் பக்கத்தில் இருக்கும் சிறு மோட்டார் வேலை செய்யும்போது ஒரு சத்தம் வரும். பழைய கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது போல, ஒரு நொடிதான். வீட்டில் ஃபேன் ஓடினால் கேட்காது. அந்தச் சத்தத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

சைக்கிள் ஸ்ரீரங்கத்துக்கு வந்தது ஆவணியில் என்று முதலில் எழுதி அடித்தேன். புரட்டாசி முதல் சனிக்கு மறுநாள் என்பதே சரி. சனிக்கிழமை செய்த புளியோதரை மிச்சம் இருந்தது. அதை ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே பெட்டியைப் பிரித்தார்.

அவர் திருவெறும்பூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வெல்டிங் சோதனைப் பிரிவில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு பச்சைமலைக்குப் போவோம். பழைய சைக்கிளில் இடது கட்டைவிரலுக்குப் பக்கத்தில் ஒரு விசை உண்டு. மேடு வந்தால் அதைத் தட்டுவார். ஷாக் அப்சர் இறுகி மூடிக்கொள்ளும். இல்லாவிட்டால் மிதிக்கிற பலத்தில் பாதி அது அமுங்கி எழுவதிலேயே போய்விடும். இறக்கத்தில் மறுபடி தட்டித் திறந்துவிடுவார். புதியதில் விசையும் இல்லை, வயரும் இல்லை. எவ்வளவு பலமாக மிதிக்கிறார் என்பதை பெடல் அச்சில் இருக்கும் சென்சார் அளந்து சொல்ல, மோட்டார் தானாக மூடும், தானாகத் திறக்கும்.

"எதுக்குங்க இது? பழசுல விரலால தட்டினா போதுமே."

"தட்டறதுக்குச் சோம்பேறித்தனம்."

"மலை ஏறறதுக்கு இல்லாத சோம்பேறித்தனம் விரலுக்கு மட்டும் வந்துடுச்சாக்கும்."

சிரித்தார். இடது கட்டைவிரலை வலது கையால் நீவிக்கொண்டிருந்தார். அன்றே அதைப் பார்த்தேனா, பிற்பாடு நானாகச் சேர்த்துக்கொண்டேனா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

வடக்கு வாசல் சைக்கிள் கடைக்காரர் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "காத்து இறங்கினா என்கிட்ட வாங்க சார். சார்ஜ் இறங்கினா செல்போன் கடைக்குப் போங்க. ரெண்டும் இறங்கிட்டா அம்மாவை ஸ்கூட்டர் எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

எந்தப் பொருள் வந்தாலும் அதன் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படிப்பது என் பழக்கம். இதிலும் படித்தேன். ஓட்டுகிறவரின் பலம் இவ்வளவு என்று இந்த ஷாக் அப்சருக்கு முன்கூட்டி எதுவும் தெரியாது. அவர் ஓட்ட ஓட்டக் கற்றுக்கொள்ளும். அவரால் அதிகபட்சம் எவ்வளவு முடிகிறதோ அதை முழு மூச்சு என்று வைத்து, அதற்குக் கீழே கடினம், மிதம், லேசு என்று பிரித்துக்கொள்ளும். கடினம் என்று பட்டால் மூடும். இந்த அளவை அவ்வப்போது புதுப்பித்துக்கொண்டும் இருக்கும். ஆள் தேறினால் அளவு ஏறும், தளர்ந்தால் இறங்கும். நல்ல மரியாதை தெரிந்த இயந்திரம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அந்தச் சத்தத்தை நான் மலையில்தான் கேட்டேன். சோபனபுரம் தாண்டி மேடு தொடங்கும் இடத்தில் காரை நிறுத்தி இறங்கி நிற்பேன். என்னைக் கடக்கும்போது ஒருமுறை விர் என்று மூடிக்கொள்ளும். முதல் வளைவில் மறைந்துவிடுவார். வார நாட்களில் காலையில் மேலூர்ச் சாலையில் ஓட்டுவார். நான் பேட்டரி ஸ்கூட்டரில் பின்னால் போவேன். சமதரை. அங்கே அது சத்தமே போட்டதில்லை.

தை மாதம், பொங்கலுக்கு அடுத்த வாரம், மேலூர்ச் சாலையில் அந்தச் சத்தம் கேட்டது. சற்றுத் தள்ளி மறுபடியும்.

"ஏங்க, ஷாக் மூடிக்குது."

"எதிர்க்காத்து."

இரண்டு பக்கமும் வாழைத்தோட்டம். ஓர் இலைகூட அசையவில்லை.

"வாழை இலை அசையலியே."

"நீ என் முதுகுக்குப் பின்னாடி வர்ற. உனக்கு எப்படிக் காத்து தெரியும்?"

டீக்கடையில் நின்றபோது செல்போனை எடுத்துப் பார்த்தார். அந்தச் சமதரைத் துண்டு முழுவதும் கடினம் என்று காட்டியதை அவர் தோளுக்கு மேலாக நானும் பார்த்தேன். போனைக் கவிழ்த்து வைத்தார். "ஏதோ அப்டேட் வந்திருக்கு. கோளாறு பண்ணுது."

கோளாறு இல்லை என்று எனக்குத் தெரிந்தது. ஆள் தளர்ந்தால் அளவு இறங்கும் என்று கையேட்டில் படித்த வரி நினைவில் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் வழக்கம் போலச் சட்டையின் கழுத்துப் பட்டனுக்காக என் பக்கம் திரும்பி நின்றார். எப்போதிருந்து இந்தப் பட்டனை நான் கழற்றுகிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். வீட்டில் கேஸ் அடுப்பு மாற்றியதற்குக்கூடத் தேதி சொல்வேன். இதற்குக் கிடைக்கவில்லை.

மாசியில் தில்லைநகரில் ஒரு நரம்பு மருத்துவரைப் பார்த்தோம். அவர் இவரது இடது கையைத் திருப்பி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதை பள்ளமாகியிருந்ததைத் தொட்டுப் பார்த்தார். சோதனைகள் செய்தார்கள். தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன, வேகத்தைக் கொஞ்சம் குறைக்க மாத்திரை உண்டு, திருப்புவதற்கு ஒன்றும் இல்லை என்றார். இவர் வெல்டிங் எக்ஸ்ரே பார்ப்பது போல அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சைக்கிள் ஓட்டலாமா டாக்டர்?"

"முடியற வரைக்கும் ஓட்டுங்க. விழாம ஓட்டுங்க."

காரில், "வெல்டுல விரிசல் இருந்தா அதை நோண்டி எடுத்துட்டு மறுபடி பத்தவைப்போம்" என்றார். காவிரிப் பாலம் தாண்டியதும், பச்சைமலையில் இன்னும் ஒருமுறை ஏற வேண்டும் என்றார். நான்காவது வளைவில் ஒரு புளியமரம் இருக்கிறது. அதற்கு முன்னால் அவர் கால் ஊன்றியதே கிடையாது. அதுவரைக்கும் போதுமாம்.

பங்குனியில் கிளம்பினோம். முதல் நாள் மாலை போனை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வலது கையால்தான் எல்லாம்.

"என்ன பண்றீங்க?"

"கத்துக்கறதை நிறுத்திட்டேன். பழைய அளவை வச்சிருக்கேன். புரட்டாசில எப்படி மிதிச்சேனோ அதுதான் கணக்கு."

"அப்ப இப்ப நீங்க மிதிக்கிறதுக்கு மேட்டுல அது மூடாதே. அமுங்கி அமுங்கி எழுந்துக்கிட்டு இருக்கும். உங்களுக்குத்தான் கூடுதல் கஷ்டம்."

"மூடினா மூடட்டும், இல்லாட்டி போகட்டும். எனக்காக அது ஒண்ணும் இறங்கி வர வேணாம்."

மண்ணச்சநல்லூரில் நெல் அவிக்கும் வாசனை கார் கண்ணாடியைத் தாண்டி வந்தது. உப்பிலியபுரத்தில் டீ குடித்தோம்; டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அடிவாரத்தில் சைக்கிளை இறக்கிக் கொடுத்துவிட்டு, எப்போதும் போல நின்று பார்க்கத்தான் நினைத்தேன். ஆனால் அவர் கிளம்பிய வேகத்தைப் பார்த்ததும் காரைப் பூட்டிவிட்டு உடன் நடந்தேன். நடக்க முடிந்தது. என் நடை வேகத்துக்குத்தான் அவர் ஏறினார்.

ஒவ்வொரு மிதிக்கும் பின்பக்கம் அமுங்கி எழுந்தது. மோட்டார் பேசவில்லை. முதல் வளைவைக் கடந்தோம். மேலேயிருந்து இறங்கி வந்த பஸ் வேகத்தைக் குறைக்க, கண்டக்டர் படியில் தொங்கியபடி, "சார், விட்டா மேடம் நடந்தே முந்திடுவாங்க" என்றார். இவரும் சிரித்துக்கொண்டே கையை உயர்த்தப் போனார். சைக்கிள் ஒருபக்கம் சாய்ந்தது. பிடித்துக்கொண்டேன்.

இரண்டாவது வளைவில் காலை ஊன்றினார். மூச்சு அடங்கச் சற்று நேரம் ஆயிற்று.

"சத்தம் கேட்டுச்சா?"

"இல்லீங்க."

"ஒரு தடவைகூடவா?"

"இல்ல."

சைக்கிளை விட்டு இறங்கினார். "சரி. இப்பதான் உள்ளதைச் சொல்லுது."

புளியமரம் அங்கிருந்து தெரியாது. இறக்கத்தில் ஓட்ட முடியவில்லை. இடது கை விரல்களால் பிரேக்கை அழுத்திப் பிடிக்க முடியவில்லை. ஹேண்டில்பாரை நான் பிடித்துக்கொள்ள, அவர் இருக்கையின் மேல் கையை வைத்துக்கொண்டு நடந்து வந்தார்.

இப்போது ஆடி. சைக்கிள் பால்கனியில் நிற்கிறது. தொட்டு நகர்த்தினாலே அது விழித்துக்கொண்டு பச்சை விளக்கு காட்டும் என்பதால் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டேன். அவர் காலையும் மாலையும் எங்கள் மாடி வராந்தாவில் லிஃப்ட் வரைக்கும் போய்த் திரும்புகிறார்.

ஆடிப்பெருக்கன்று காவிரிக்கரை அம்மா மண்டபத்துக்குப் போகும் கூட்டத்தின் இரைச்சல் கீழே தெருவில் கேட்டுக்கொண்டிருந்தது. அன்று சுவரைப் பிடிக்காமல் போய் வந்தார்.

"இன்னைக்கு ரொம்ப நல்லா நடந்தீங்க" என்றேன்.

வாசல் நிலையில் நின்றார். "புரட்டாசில லிஃப்ட் வரைக்கும் போயிட்டு வந்திருந்தா இப்படிச் சொல்லியிருப்பியா?"

நான் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டேன்.

"நீயும் அளவை இறக்கிட்ட" என்றார். குரலில் கோபம் இல்லை. உள்ளே போய் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு அவர் நடையைப் பற்றி நானாக எதுவும் சொல்வதில்லை. செருப்பு போடாமல் ஓரடி பின்னால் போகிறேன். இடது பாதம் தரையில் உரசுகிறதா என்று கேட்டுக்கொண்டே நடக்கிறேன். திரும்பி வந்ததும் சில நாள், "கேட்டுச்சா?" என்பார். கேட்டிருந்தால் கேட்டது என்று சொல்கிறேன்.