கால்சட்டைப் பையில் பிரேக் கட்டைகள்

தொண்ணூறுகளின் நடுவில், செலண்டார் பக்கத்துத் தோட்டத்துப் பையன்கள் நாங்கள் நான்கு பேர் ஞாயிறுதோறும் பெரிய சாலையில் மோட்டார் சைக்கிள் பந்தயம் விடுவோம். என் மோட்டார் என்று சொன்னால் பொய். அது அப்பாவின் பழைய கப்சாய். வாரத்தில் ஆறு நாள் அதில் அவர் செங்கில் இருந்த தொழிற்சாலைக்கு ஜாகா என்னும் காவல் வேலைக்குப் போவார். ஏழாம் நாள் நான் அதை நூறுக்கு மேல் முறுக்குவேன். வேகத்தில் நாற்பதைத் தாண்டாத மனிதருக்கு இப்படி ஒரு பிள்ளை.

பந்தயத்துக்குப் போகுமுன், கையால் பிடிக்கும் முன் சக்கரப் பிரேக்கின் கட்டைகளைக் கழற்றிவிடுவோம். அவை சக்கரத்தை உரசுகின்றன, கழற்றினால் இன்னும் பறக்கும் என்று எவனோ சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டோம். முன் பிரேக் இல்லாமல் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் புகுந்து போவதுதான் எங்களுக்கு வீரம். மூளை என்று ஒன்று இருந்ததாகவே நினைவில்லை. கழற்றியது வெளியே தெரியாது. சாயங்காலம் திரும்ப மாட்டித் துடைத்து வைத்துவிடுவேன்.

அந்த ஞாயிறு மழை பிடித்துக்கொண்டது. தொப்பலாக நனைந்து வந்தவன், காலையில் மாட்டிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். எழுந்தபோது அப்பா வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தார். கட்டைகள் என் கால்சட்டைப் பையில் இருந்தன.

அப்பா ஓட்டுவதெல்லாம் கால் பிரேக்கை நம்பித்தான். கைப் பிரேக்கை அவசரத்துக்குத்தான் தொடுவார். அன்று ஈர இறக்கத்தில் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று திடீரென்று குறுக்கே திரும்பியிருக்கிறது. கைப் பிரேக் பிடிக்கவில்லை. கால் பிரேக்கை ஓங்கி மிதித்ததில் மோட்டார் வழுக்கி, அவர் கால் லாரிச் சக்கரத்தில் அடிபட்டு முறிந்துவிட்டது.

அம்மா அழுதுகொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நான் ஓடவில்லை. எங்கள் லயத்து வீடுகளின் ஆட்கள் மோட்டாரைக் கொண்டுவந்து போட்டதும், பின்பக்கம் தள்ளிக்கொண்டு போய், முன் சக்கரத்தைக் கழற்றிக் கட்டைகளை மாட்டினேன். அதற்குப் பிறகுதான் அப்பாவைப் பார்க்கப் போனேன். இதை எழுத இன்றைக்கும் கை கூசுகிறது.

பக்கத்து வீட்டு மாமா மோட்டார் பழுதுபார்ப்பவர். மறுநாள் அவர் பிரேக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

"பிரேக்கு நல்லாத்தான் இருக்கு அண்ணே. பதட்டத்துல நீங்க பிடிச்சிருக்க மாட்டீங்க."

அப்பா யோசித்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது வாயைத் திறந்திருந்தால் நான் மனிதன்.

"இருக்கும் லா. வயசாயிருச்சுல்ல" என்றார் அப்பா.

அதன்பின் அவர் மோட்டாரைத் தொடவே இல்லை. தன் கையை நம்பாமல் போய்விட்டார். காலை இழுத்து இழுத்து நடந்துவந்து, சாவியை என்னிடம் கொடுத்து, இனி நீயே ஓட்டு என்றார். வேலையில் இருந்தவரை நான்தான் அவரைச் செங்கில் கொண்டுபோய் விட்டேன். அந்த இறக்கம் வரும்போதெல்லாம் பின்னாலிருந்து என் தோளைத் தட்டுவார்.

"முன் பிரேக்கையும் சேத்துப் பிடிய்யா. நான் அன்னிக்குப் பிடிக்காம விட்டுட்டேன்."

அவர் சாகும்வரை "சரிப்பா" என்றுதான் சொன்னேன்.