கொப்பி மட்டையில் எழுதிய வசனம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்துக் கோணலானது. எழுத்துப் பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. லெந்து நோன்பு நாட்களில் ஒவ்வொருவரும் தம்மை ஆராய்ந்து ஒரு பக்கமாவது எழுதித் தரும்படி எங்கள் போதகர் கேட்டார். சபையில் எழுந்து நின்று பேச எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. பண்டத்தரிப்பில் அம்மா, அண்ணை, நான் என்று மூன்று பேர் இருந்தோம். அப்பா காய்ச்சலில் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எனக்குக் கூட்டாளிகள் கிடையாது. நாலு பேர் நிற்கும் இடத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பத்தொன்பது வயது அண்ணையின் சைக்கிள் பாரில் இருந்து போகும்போது மட்டும் வாய் ஓயாமல் கதைப்பேன்.

அந்த மார்கழியில், அண்ணையைத் தன்னிடம் அனுப்பச் சொல்லி வெளிநாட்டிலிருந்து மாமா கடிதம் போட்டார். அம்மாவால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

"புதுவருச வசனம் வரட்டும். ஆண்டவர் சொல்லுறபடி செய்வம்" என்றார்.

புதுவருடக் காலை ஆராதனை முடிந்ததும் வேதவசனம் எழுதிய சிறு அட்டைகளைத் தட்டில் கவிழ்த்து வைப்பது எங்கள் ஆலயத்து வழக்கம். ஆளுக்கொன்று எடுக்கவேண்டும். எடுத்த வசனம்தான் அந்த வருடத்துக்கு ஆண்டவர் தரும் வாக்கு. மாலை ஜெபம்வரை அட்டையைத் திருப்பிப் பார்க்கக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். அதுவரை அவை அவரது வேதாகமத்துக்குள் இருக்கும். முன்பக்கத்தில் அம்மாவுடையது, நடுவில் அண்ணையுடையது, கடைசியில் என்னுடையது.

அந்தச் சண்டை நாட்களில் அச்சடித்த அட்டை கிடைக்காது. ஞாயிறு பாடசாலை அக்கா பழைய கொப்பி மட்டைகளில் கையாலேயே எழுதுவார். மட்டைகளைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்தது நான். அதில் ஒரு துண்டு என் காற்சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. வந்துவிட்டது என்றுதான் இத்தனை காலமும் எனக்குள் சொல்லி வந்தேன். எடுத்தேன் என்று இன்று எழுதுகிறேன்.

அதில், "உன் தம்பியை விட்டுத் தூரதேசம் போகாதே" என்று எழுதினேன். கீழே வேதத்திலுள்ள ஒரு புத்தகத்தின் பெயரைப் போட்டு, அதிகாரம் தொண்ணூறு என்றேன். பெரிய எண்ணாக இருந்தால் யாரும் தேடிப் போகமாட்டார்கள் என்று நினைத்தேன். அந்தப் புத்தகத்தில் முப்பத்தொரு அதிகாரந்தான் உண்டு.

புதுவருடத்தன்று மத்தியானம், அம்மா குசினியில் சமைத்துக்கொண்டிருந்தபோது அண்ணையின் அட்டையை எடுத்துவிட்டு நான் எழுதியதை வைத்தேன். எடுத்ததை வாசித்தேன். போ என்றும் இல்லை, இரு என்றும் இல்லை. நாளையைப் பற்றிக் கலங்கவேண்டாம் என்ற கருத்தில் ஒரு வரி. இதை வைத்து அம்மா என்ன முடிவு எடுத்திருப்பார் என்று எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. மாமரத்தடியில் புகைந்துகொண்டிருந்த சருகு நெருப்பில் அதைப் போட்டேன்.

மாலையில் ஜாம் போத்தல் விளக்கைக் கொளுத்திவைத்து மூவரும் பாயில் இருந்தோம்.

"வாசி ராசா" என்றார் அம்மா.

அண்ணை அட்டையைப் பார்த்தார். பிறகு விளக்கைப் பார்த்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"உன் வீட்டாரை விட்டுத் தூரதேசம் போகாதே."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "எந்த அதிகாரம்? கோடு கீறி வைப்பம்."

"பிறகு பாப்பம் அம்மா. விளக்கு மங்குது. நாளைக்கு மாமாவுக்கு எழுதிவிடுறன், வரேல்லை எண்டு."

தம்பி என்றிருந்ததை வீட்டார் என்று வாசித்துவிட்டாரே, கண் தெரியவில்லைப்போலும் என்று நினைத்தேன். விளக்கு மங்கியது என் நல்ல காலம் என்றும் நினைத்தேன்.

அந்த ஐப்பசியில் சண்டை நெருங்கி, ஊரே தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்தது. நல்ல மழை. அம்மாவுக்கு மூச்சு இழுப்பு. அண்ணை அம்மாவைச் சைக்கிளில் இருத்தி, அந்தச் சனத்துக்குள்ளால் உருட்டிக்கொண்டு போனார். நான் கரியரைப் பிடித்தபடி பின்னால் நடந்தேன். அண்ணை இல்லாவிட்டால் அம்மா வந்து சேர்ந்திருக்க மாட்டார். என் பொய்யை ஆண்டவர் நன்மைக்குப் பயன்படுத்தினார் என்று சாட்சி சொல்ல எனக்கு ஆசை வரும். சொல்லமாட்டேன். அம்மாவைக் காப்பாற்றியது ஆண்டவர். பொய் சொன்னது நான். ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்கக்கூடாது.

அடுத்த தை மாதம் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் இருந்தோம். அண்ணை வெளிநாட்டுக்குப் புறப்பட்டார். மாமா அதற்குள் வேறொருவரைக் கூப்பிட்டுவிட்டார். அண்ணை தெரியாத ஆட்களோடு தெரியாத வழியால் போகவேண்டியிருந்தது. நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, "வசனம் இருக்கெல்லோ, போகக்கூடாது" என்று அழுதேன்.

"டேய், அது ஒரு வருசத்துக்குத்தானடா. வருசம் முடிஞ்சுது."

சேர்ட் பொக்கற்றுக்குள்ளிருந்து, மழையில் ஊறிக் காய்ந்த அந்த மட்டையை எடுத்து என் கையில் வைத்தார்.

"எழுத்தைத் திருத்து. தொண்ணூறாம் அதிகாரமாம்!"

சிரித்துக்கொண்டே போனார். பிறகு அவர் திரும்பி வரவில்லை. தொலைபேசியில் ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்க நினைப்பேன். "சாப்பிட்டியே தம்பி?" என்பார். "ஓம் அண்ணை" என்பேன். அதோடு முடிந்துவிடும். போன வருடம் அங்கேயே அவரை அடக்கம் செய்தார்கள். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். இப்போது மாலை ஜெபத்தில் நான் ஒருவன்தான். எரித்துவிட்ட அந்த வரியைத்தான் பெரும்பாலும் சொல்லிக்கொள்கிறேன். இனி வரும் நாட்களுக்கு எனக்கு அது போதும்.

அன்று அந்த விறாந்தையில் மட்டையை வைத்துக்கொண்டு, அண்ணை எப்போது கண்டுபிடித்திருப்பார் என்றே நாள் முழுதும் யோசித்தேன். என் கையைப் பிடித்து அந்த எழுத்தைப் பழக்கியவர் அவர்தான் என்பது எனக்கு ஞாபகம் வரவேயில்லை.

பங்குனி 14, வெள்ளிக்கிழமை.