மாமியாரை டீ வாங்க அனுப்பிய நர்ஸ்

உங்கள் வீட்டு மருமகள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே பீரோச் சாவியை நாத்தனாரிடம் கொடுத்து, நல்ல சேலைகளையெல்லாம் எடுத்துக்கொள்ளச் சொன்னால் என்ன நினைப்பீர்கள்? மாமியார் அழகம்மாள் பூரித்துப் போனார்.

"ரெண்டு மாசமா சோறு எறங்காமக் கெடந்தவ, இப்பத் தெளிஞ்சுட்டா. நல்ல சேலையெல்லாம் எம் மகளுக்கே குடுத்துட்டா. டிஸ்சார்ஜ் பண்ணி விடுங்க சிஸ்டர், கூட்டிட்டுப் போறேன்."

அறந்தாங்கிப் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் ஷர்லிக்கு இது ஒன்பதாவது வருடம். இன்னும் ஒப்பந்த நர்ஸ்தான். நாற்பது கட்டிலுக்கு ஒருத்தி. வாடகை அறையிலும் தனியாள், வார்டிலும் தனியாள். டிஸ்சார்ஜ் படிவத்தில் 'தற்கொலை எண்ணம்' என்ற வரிக்கு எதிரே, உறவினர் பக்கத்தில் நிற்கும்போதே, நோயாளியைக் கேட்காமலே 'இல்லை' என்று எழுதிவிடுவது அங்கே வழக்கம். கேட்டால் இல்லாத நினைப்பு வந்துவிடுமாம்! படித்தவர்களே நம்புகிறார்கள். மந்திரித்த கயிற்றைவிடக் கேடான மூடநம்பிக்கை இது.

சேலைக் கதையைக் கேட்டதும் ஷர்லியின் பேனா நின்றது. சாவதென்று முடிவு செய்தவர்களிலும் சிலர் இப்படித் திடீரெனத் தெளிவார்கள். இருப்பதைப் பங்கு வைப்பார்கள்.

"ஆத்தா, ஒரு டீ குடிச்சிட்டு வாங்க."

"எனக்கெதுக்கு டீ?"

"அப்ப எனக்கு வாங்கிட்டு வாங்க. காலையிலேர்ந்து பல்லுல பச்சத்தண்ணி படல."

அவர் போனதும் ஷர்லி மருமகளின் கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"ரஞ்சிதா, செத்துப்போயிரலாம்னு தோணுதா?"

ரஞ்சிதா எழுந்து உட்கார்ந்தாள்.

"இத யாருமே கேக்கலக்கா. தோணுது."

"எப்பன்னு நெனச்சு வச்சிருக்கீங்களா?"

"வீட்டுக்குப் போனதும்."

"இவ்வளவு நாள் எது பிடிச்சு வச்சிருந்துச்சு?"

"எம் பொண்ணு இனியா. நாலு வயசுதான் ஆகுது."

"டாக்டர்கிட்ட நான் சொல்லப் போறேன். இன்னைக்கு வீட்டுக்குப் போகல. என் மேசைக்கு எதிர்க் கட்டில் ஒங்களுக்கு."

டாக்டர் டிஸ்சார்ஜை நிறுத்தினார். டீயோடு திரும்பிய அழகம்மாள் விஷயத்தைக் கேட்டு, துபாயிலிருந்த மகனை அழைத்து, போனை ஷர்லியிடம் நீட்டினார்.

"வெளிய தெரிஞ்சா மானம் போயிரும் சிஸ்டர்," என்றான் மகன்.

"ஒங்க மானத்துக்கு இங்க கட்டில் இல்ல சார். ஒங்க பொண்டாட்டிக்குத்தான் இருக்கு. கெளம்பி வாங்க."

எதிர்க் கட்டிலில் ரஞ்சிதா கண்ணயர்ந்தாள். இரண்டு மாதமாக வீடு நிறைய ஆட்கள், கேட்க ஒரு வாய் இல்லை.

சோறு இறங்காமல், பேச்சுக் குறைந்து ஒருவர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். இன்றே தனியாக அழைத்து நேராகக் கேளுங்கள். 'ஆமாம்' என்றால் புத்தி சொல்லாதீர்கள், தனியே விடாதீர்கள். 104 உதவி எண்ணுக்குப் பேசுங்கள், மருத்துவமனைக்குக் கூடவே போங்கள்.