தெற்குக் காத்தாடி தூங்கவில்லை

கடமலைக்குண்டு போகிற பாதையில், சோளக்காட்டின் நடுவே இரண்டு காற்றாலைகள் நிற்கின்றன. ஊரார் காத்தாடி என்பார்கள். அவை சுற்றுவதைப் பதிந்துகொள்ளும் டேட்டாபேஸ் நான் எழுதியது. அந்த ஆடியில் காற்று வலுக்கும்போதெல்லாம் தெற்குக் காத்தாடியின் பதிவு வரிகள் மட்டும் காணாமல் போயின. அந்தக் காத்தாடிக்குக் காவலிருக்கும் ஊர்க்கார அண்ணன் மிஷினை நிறுத்திவிட்டுத் தூங்குகிறார் என்று ஆபீஸில் முடிவு கட்டிவிட்டார்கள்.

நான் லேப்டாப்போடு போய் இறங்கியதும், "வெள்ளிக்கிழமையோட வேலைய விட்டு நின்னுக்கோன்னுட்டாக தாயி" என்றார். "நான் கண்ணு மூடலை. அது சுத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு."

"சர்வர் பொய் சொல்லாதுண்ணே" என்றேன். எனக்கு வாய்க்கொழுப்பு கொஞ்சம் அதிகம்.

அவர் கோபிக்கவில்லை. "வெயில்ல நிக்காதீக, இங்கன வாங்க" என்று வேப்பமர நிழலைக் காட்டினார். அங்கே உட்கார்ந்தால் மலை எது, மேகம் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இறக்கைகளின் நிழல் சோளத்தின் மேல் போய்ப் போய் வந்தது. வந்த வேலையை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரமோ தெரியாது. வெயில் சாயச் சாய நிழல்கள் நீண்டன. ஒரு கட்டத்தில் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து, இருப்பதே ஒரு காத்தாடிதான் என்பதுபோல் ஆகிவிட்டது.

சட்டென்று லேப்டாப்பைத் திறந்து, நான் எழுதியதைப் பார்த்தேன். இளங்காற்றில் ஒவ்வொரு காத்தாடியும் நிமிடத்துக்கு ஒரு குறிப்பு, வெவ்வேறு நொடியில் அனுப்பும். காற்று வலுத்தால் நொடிக்கு ஒன்று. நானோ ஒவ்வொரு வரிக்கும் நேரத்தை மட்டுமே அடையாளமாக வைத்திருந்தேன். எந்தக் காத்தாடி என்பதைச் சேர்க்கவில்லை. ஒரே நொடியில் இரண்டு வந்தால், இரண்டாவதை நகல் என்று சத்தமில்லாமல் தள்ளிவிடும்படி எழுதியதும் நானேதான். தெற்கின் குறிப்பு வடக்குக் காத்தாடியின் சிக்னல் பெட்டி வழியாக வருவதால் எப்போதும் ஒரு துளி பிந்தும். அதனால் தள்ளப்பட்டது எப்போதும் தெற்குதான்.

அடையாளத்தில் காத்தாடியின் பெயரையும் சேர்த்தேன். இரண்டின் வரிகளும் அடுத்தடுத்து இறங்கத் தொடங்கின. அவர் குனிந்து, 'தெற்கு' என்ற சொல்லை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"காணாமப் போனதெல்லாம் திரும்பி வந்துருமா?"

"வராதுண்ணே. தப்பு என்னோடது." முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"அது போகட்டும். நான் முழிச்சுத்தான் இருந்தேன்னு ஆபீசுக்கு ஒரு வரி எழுதுங்க தாயி."

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன்: தூங்கியது அவரல்ல, நான் எழுதிய நிரல். அனுப்பிவிட்டு, அது போய்ச் சேர்ந்ததா என்று இரண்டு முறை பார்த்தேன்.